உறியில் தொங்கிய மூட்டை

என் வீட்டு நடையை ஏழெட்டு வருஷம் மிதிக்காத ஒருவனைச் சிநேகிதன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எங்கம்மை இறந்த அன்றைக்கும் அவன் உள்ளே வரவில்லை. சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் உள்ளே போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். வேலப்பன் மட்டும் வெளியே, என் விறகுத் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தான். அவன் கையில் அவள் எத்தனையோ நாள் சோறு உருட்டி வைத்திருக்கிறாள். பாடை வெளியே வந்த பிறகுதான் பார்த்தான். காரணம் எனக்குத் தெரியும். காரணம் தெரிந்துவிட்டால் மனசு ஆறிவிடுமா? எனக்கு இன்னும் முழுக்க ஆறவில்லை.

காரணம் ஒரு துணி மூட்டை. என் வீட்டு நடு அறையில் உறி கட்டி அது தொங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய மூட்டைதான்.

வேலப்பன் தையற்காரன். பூதப்பாண்டிப் பக்கத்துப் பிள்ளை. நான் தோவாளைக்காரன். இரண்டும் தெற்கே தமிழ் பேசுகிற ஊர்கள். இரண்டு பேரும் சின்ன வயசிலேயே திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் தம்பானூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விறகுக்கடை போட்டு, கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தேன். அவன் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வராந்தாவில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சர்க்கார் கச்சேரிக் குமாஸ்தாக்களின் கோட்டு, பள்ளிக்கூட வாத்தியார்களின் சட்டை, இப்படி வருகிறதைத் தைப்பான். "சாரே, கையொந்நு நீட்டணே" என்று மலையாளத்தில் கையை நீட்டச் சொல்லி அளவெடுப்பான். திரும்பி என்னைப் பார்த்து, "வே, அந்த நூலை எடும்" என்பான். இரண்டும் அவன் வாயில் ஒரே பேச்சு மாதிரிதான் வரும்.

அவனிடம் ஒரு குணம் உண்டு. முடியாது என்று சொல்லமாட்டான். ஆகும் என்று சொன்னதைச் செய்யவும் மாட்டான். "ஆவட்டும்" என்பான். தீபாவளிக்குச் சட்டை வேண்டும் என்றாலும் ஆவட்டும். வேறு ஊருக்குக் குடி போக வேண்டும் என்றாலும் ஆவட்டும்தான்.

அவன் பெண்டாட்டி பொன்னம்மைக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது ஒரே ஒரு அண்ணன். பிச்சையா என்று பேர். மெட்ராசில் தையல்கடை வைத்துக் கையோங்கிவிட்டான். ஐந்தாறு மிஷின் ஓடுகிறது, நம்பிக்கையான ஆள் இல்லை, குடும்பத்தோடு வந்துவிடும், கடைக்கு மேலேயே வீடு இருக்கிறது என்று வேலப்பனுக்குச் சொல்லி அனுப்பினான். பொன்னம்மைக்குத் தரையில் கால் பாவவில்லை. அவள் மகள் பகவதிக்கு அப்போது ஆறோ ஏழோ வயசு. முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று வேலப்பனைத் தனியாக அனுப்பினார்கள். ஒரு மாசம் இருந்துவிட்டு வந்தான். நல்ல ஊர், பெரிய ஊர், போவோம், ஆவட்டும் என்றான்.

பொன்னம்மை அந்த ஆவட்டும் என்ற சொல்லை நம்பிவிட்டாள். பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். கோழியை விற்றாள். ஆட்டுரலை ரயிலில் ஏற்ற முடியாது என்று என் பெண்டாட்டி சரசம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அப்போது அம்மி மட்டும்தான். என் விறகு வண்டியில்தான் அந்தக் கல்லை ஆரியசாலையில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து தம்பானூருக்குக் கொண்டுவந்தேன். இறக்கும்போது என் கால் விரல் நசுங்கியது. அவன்மேல் எனக்கிருக்கிற குறையோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜோசியரைக் கேட்டார்கள். வியாழக்கிழமை காலையில் நல்ல நேரம் என்றார். வண்டிக்குச் சீட்டு எடுத்திருந்ததோ செவ்வாய்க்கிழமைக்கு. செவ்வாய்க்கிழமை வடக்கே போக ஆகாது. இப்படி வந்தால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு பிடி அரிசி, விரலி மஞ்சள், கையோடு எடுத்துப் போகிற தொழில் சாமான் ஏதாவது ஒன்று, எல்லாவற்றையும் முடிந்து, போகிற திசையில் இருக்கிற வேண்டியவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். ஆள் வீட்டிலேயே இருந்தாலும் பயணம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பிறகு எந்த நாளில் வண்டி ஏறினாலும் தோஷமில்லை. மூட்டையை வைத்திருக்கிற வீட்டுக்காரன் அதைத் தரையில் வைக்கக்கூடாது, அவிழ்க்கக்கூடாது. வைத்தவன் அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் பயணம் முறிந்துபோகும், அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. வேலப்பனுடைய அம்மை இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்லியிருக்கிறாளாம். மூட்டையைக் கண்ணால் பார்த்தால் கையில் எடுத்துவிட வேண்டும், எடுத்தால் நேரே பயணம் போய்விட வேண்டும்.

சாலைக்கு வடக்கே தம்பானூர். ஸ்டேஷனும் அங்கேதான். என் வீட்டைவிட வாய்ப்பான வீடு ஏது? கொல்லம் ஆண்டு 1110, இங்கிலீஷ் கணக்கில் 1935, மாசி மாசம், வியாழக்கிழமை காலையில் வேலப்பன் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து மூட்டையை என் கையில் கொடுத்தான். ஒரு பழைய கத்திரியையும் அதற்குள் வைத்திருந்தான். எலிக்குப் பயந்து சரசம்மா உறியில் கட்டித் தொங்கவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவன் போகவில்லை. துணிக்கடை முதலாளி வீட்டில் கல்யாணம், கோட்டுத் தைக்கிற வேலை நிற்கிறது, இரண்டு வாரம் கழித்துப் போ என்றாராம். ஆவட்டும். அதற்குள் கோவிலில் பங்குனி ஆறாட்டுத் திருவிழா வந்தது. ஆறாட்டைப் பார்க்காமல் எப்படிப் போகிறது? பிறகு மழை. பிறகு பகவதியின் பள்ளிக்கூடம். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான். யாராவது கேட்டால், "கிளம்பியாச்சே. மூட்டை பெருமாளு வீட்டுல இருக்கு" என்பான். பகவதிப்பெருமாள் என்பது என் பேர். அவன் பெருமாளு என்றுதான் கூப்பிடுவான்.

மூட்டையைப் பார்த்துவிடக் கூடாது என்று அன்று முதல் என் வீட்டுக்குள் வருவதை நிறுத்தினான். கடையில் வந்து விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவான். காப்பி கொடுத்தால் அங்கேயே குடிப்பான். உள்ளே வா என்றால் எழுந்துவிடுவான். சாலையில் உள்ளவர்கள் அவனைப் படாதபாடு படுத்தினார்கள். "வேலப்ப பிள்ளை மெட்ராசில்லா இருக்கேரு. ஒடம்பு மட்டும் இங்கன வந்து தைக்குது" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பொன்னம்மை சிரிக்கவில்லை. குறை சொல்லவும் இல்லை. கல்லைக் கொடுத்துவிட்டதால், தோசைக்கு ஆட்ட வேண்டிய நாளெல்லாம் ஊறப்போட்ட அரிசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆரியசாலையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தன் கல்லிலேயே ஆட்டிக்கொண்டு மாவோடு திரும்புவாள். வேறே ஒரு கல் வாங்கிப் போட்டால் என்ன என்று சரசம்மா கேட்டதற்கு, "இன்னா அன்னான்னு போவப் போறோம் மைனி. ரெண்டு நாளைக்கு எதுக்கு ஒரு கல்லு?" என்றாளாம். அந்த இரண்டு நாள் வருஷமாக நீண்டது. ஆட்டும்போது உறியில் தொங்குகிற மூட்டை அவள் கண்ணுக்கு நேரே இருக்கும். புருஷன் பார்க்கப் பயந்த சாமானை அவள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டு குழவி சுற்றினாள். புதுக்கல் வாங்கினால் இனிப் போகவில்லை என்று ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் வாங்கவில்லை. அவர்கள் வீட்டில் எதுவுமே வாங்கவில்லை. சாக்கில் கட்டிய பாத்திரத்தில் வேண்டியதை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மற்றதை அப்படியே மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். போகிறதானால் போய்த் தொலையும், இல்லாவிட்டால் அவளிடம் இல்லை என்று சொல்லும், இரண்டும் இல்லாமல் என் வீட்டில் எதற்கு ஒரு மூட்டை என்று கேட்டேன். மூட்டை அரிசியில் வண்டு விழுந்து வீடெல்லாம் பறக்கிறது என்று சரசம்மா அன்று காலையில்தான் என்னைக் காய்ச்சியிருந்தாள். அந்தக் கோபமும் இருந்தது.

அவன் கொஞ்ச நேரம் விறகுப் பட்டையை உரித்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். மெட்ராசில் மைத்துனன் கடையில் இருந்த அந்த மாசத்தில், சட்டைக்குக் கொடுத்திருந்த ஒருவர் எப்போது கிடைக்கும் என்று கேட்டாராம். இவன் பழக்கத்தில், "சொவ்வாழ்ச்ச தராம் சாரே" என்றிருக்கிறான். செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்பதுதான். அந்த ஆள் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்து, "இந்த மலையாளத்தானை எங்கே பிடிச்சீங்க?" என்றானாம். அன்றிலிருந்து கடைப் பையன்களும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பேச்சை மாற்றிப் பார்த்தான். நாக்கு வளையவில்லை. கடைசியில் பிச்சையா இவனைக் கூப்பிட்டு, "மாப்ளே, நீரு மிஷின்ல இரும். கிராக்கிகிட்டப் பேசண்டாம்" என்றானாம். கோபமாகச் சொல்லவில்லை. நல்லதுக்குத்தான் சொன்னான்.

"இங்கன என்னைப் பாண்டிங்கான்" என்றான் வேலப்பன். தமிழனை மலையாளத்தார் இளக்காரமாகச் சொல்லுகிற சொல் அது. "அது பழகிப்போச்சுவே. இந்த வயசுக்கு மேல புதுசா ஒரு வசவு பழகச் சொன்னா எப்படி? அதுகூட போட்டும். பேசாம எப்படிவே இருக்கது? நாள் பூரா ஆளுகளுக்க நடுவுல ஊமையாட்டு இருக்கணும்."

இதைப் பொன்னம்மையிடம் சொல்லும் என்றேன். அவளுக்கு இருப்பது அந்த ஒரு அண்ணன், அவன்மேல் அவளுக்குக் கசப்பு வந்துவிட்டால் பிறகு யார் இருக்கிறார்கள் என்றான். என்னையும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். நான் சொல்லவில்லை. மூட்டையும் தொங்கிக்கொண்டிருந்தது.

1117, சித்திரை. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். மெட்ராசில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பேச்சாகி, ஊரே காலியாகி வண்டி வண்டியாக வந்து இறங்கியது. தம்பானூர் ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் பிச்சையாவும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். வேலப்பன் ஸ்டேஷனுக்குப் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். மூலையில் கட்டி வைத்திருந்த சாக்கை அவிழ்த்துப் பாத்திரமெல்லாம் எடுத்தார்கள். பொன்னம்மையோடு பிச்சையாவின் பெண்டாட்டியும் அரிசி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஆட்ட வந்தாள். சரசம்மாவுக்குத் தன் வீட்டுக் கல்லே கைக்குக் கிடைக்கவில்லை.

பிச்சையா சும்மா இருக்க முடியாதவன். வராந்தாவில் வேலப்பன் மிஷினுக்குப் பக்கத்தில் தன் மிஷினையும் போட்டான். வெட்டுவதிலும் தைப்பதிலும் கைகாரன்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் மலையாளத்தில் கேட்கிறார்கள். சின்ன வயசிலேயே மெட்ராசுக்குப் போன அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் நானே பார்த்தேன். ஒரு குமாஸ்தா கோட்டுக் கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்கிறார். பிச்சையா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வேலப்பன் எழுந்து வந்து, அவர் சொன்னதைக் கேட்டு, பதில் சொல்லி அனுப்பிவிட்டு, பிச்சையாவிடம் கழுத்தில் கால் அங்குலம் விடச் சொன்னான். அவ்வளவுதான். நான் கடைவாசலில் நின்று காத்திருந்தேன். இப்போது ஒரு வார்த்தை சொல்லுவான், அன்றைக்கு நீர் என்னைப் பேசாதே என்றீரே என்று குத்துவான் என்று. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன், விட்டிருக்க மாட்டேன். வேலப்பன் தன் மிஷினில் போய் உட்கார்ந்து காலை மிதித்தான். பிச்சையா மட்டும் துணியைப் பிடித்தபடி வெகுநேரம் சும்மா இருந்தான்.

நாலைந்து மாசத்தில் பயம் தெளிந்து, பிச்சையா மெட்ராசுக்குத் திரும்பினான். போவதற்கு முந்தின நாள் தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். நான்தான் மாப்பிள்ளையைப் பேசாதே என்றேன், அதனால்தான் அவர் வரவில்லை, இனி நான் கூப்பிட மாட்டேன், வந்தால் என் கடையில் அவர்தான் கிராக்கியிடம் பேச வேண்டும், எப்படிப் பேசினாலும் சரி என்று சொன்னானாம். அன்று பொன்னம்மை எங்கள் வீட்டுக்கு ஆட்ட வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று சரசம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். "மைனி புதுசா ஆட்டுரலு வாங்கிப் போட்டிருக்கா."

சரி, ஒருவழியாக முடிந்தது, இங்கேதான் இருக்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். மூட்டையை என்ன செய்வது என்று யோசித்தேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வேலப்பன் வந்து நின்றான். விறகுக் கட்டில் உட்காரவில்லை.

"மூட்டையை எடுக்கணும்வே. நாங்க மெட்ராசுக்குப் போறோம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. அவள் இப்போதுதானே கல் வாங்கியிருக்கிறாள், இனிமேல் போக வேண்டாம் என்றுதானே அர்த்தம், உமக்கு வேண்டியதும் அதுதானே என்று கேட்டேன்.

"அதுதாம்வே" என்றான். "இத்தன வருசம் அரிசியத் தூக்கிட்டு இம்புடு தூரம் நடந்தா. ஒரு சொல்லு சொன்னதில்ல. இப்ப அண்ணன் சொன்னதும் தானாப் போயி ஒரு கல்ல வாங்கி நடுவீட்டுல போட்டுட்டு, 'இனி நீங்க பேசுற ஊர்லயே இருப்போம்'ங்கா. அழவும் இல்ல. வழக்கம்போல சோறு வெளம்புதா. எனக்கு அந்தச் சோறு எறங்கல."

"அங்க போயி ஊமையாட்டு இருப்பீரா?"

"அதெல்லாம் பேசிக்கிடலாம். சிரிச்சா சிரிக்கட்டும். எனக்காவ ஒருத்தி போவண்டாம்னு சொல்லிட்டாள்லா, அவளுக்காவ நான் போறேன்னு சொல்லண்டாமா?"

அன்றுதான் அவன் வாயிலிருந்து ஆவட்டும் இல்லாமல் ஒரு பதில் வந்தது.

இந்த முறை நாளும் வண்டியும் பொருந்தி வந்தன. துணிக்கடை முதலாளியிடம் சொல்லிக்கொண்டான். மிஷினை முன்கூட்டியே வண்டியில் போட்டு அனுப்பினான். பாத்திரங்களை மறுபடியும் சாக்கில் கட்டினார்கள். புது ஆட்டுரலை என்ன செய்வது? பழைய கல் போன வழிதான். அதே விறகு வண்டியில் அதையும் என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். இந்தத் தடவை காலைக் காப்பாற்றிக்கொண்டேன். "ரெண்டு கல்லும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் மைனி" என்றாள் பொன்னம்மை சரசம்மாவிடம். சரசம்மா இரண்டு கல்லையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

மூட்டையை எடுத்தால் திரும்ப வீட்டுக்குப் போகக்கூடாது. அதனால் பொன்னம்மையும் பகவதியும் சாமான்களோடு நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். வேலப்பன் குளித்து, முன்னைப் போலவே விபூதி பூசிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தான். நடையில் கொஞ்சம் நின்றான். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தான்.

முதலில் அவன் உறியைப் பார்க்கவில்லை. "அம்மைய எங்கவே கெடத்தியிருந்தீங்க?" என்று கேட்டான். காட்டினேன். வடக்குச் சுவர் ஓரம். அந்த இடத்துக்குப் போனான். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். நான் திரும்பி வரும்போது அவன் மூட்டையை இறக்கித் தோளில் போட்டிருந்தான். துணி பழுத்து நிறம் மாறிப்போயிருந்தது. உள்ளே அரிசி தூளாகியிருக்கும். கத்திரி துருப்பிடித்திருக்கும். அவிழ்த்துப் பார்க்கவில்லை, அப்படியே கொண்டுபோனான்.

ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் நடந்தோம். செங்கோட்டை வழியாகப் போகிற வண்டி நின்றுகொண்டிருந்தது. பொன்னம்மை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பகவதிக்கு எதையோ காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, மெட்ராசுக்கு வரணும்" என்றாள். வருகிறேன் என்றேன். இதுவரைக்கும் போகவில்லை. அவர்களும் வரவில்லை.

வண்டி நகர்வதற்கு முன்னால் வேலப்பன் இறங்கி என் பக்கத்தில் வந்தான். பெண்டாட்டிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனான். கடன் ஏதும் பாக்கி வைத்துவிட்டானா, என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்தேன்.

"அது புதுக்கல்லுவே" என்றான். "இன்னும் மணலு போகல. அவ கொஞ்ச நாளுதான் ஆட்டுனா. சும்மா போட்டு வச்சிராதீரும். தவிடு போட்டு நாலஞ்சு தடவ ஆட்டி, கல்லப் பழக்கிப் போடச் சொல்லும் சரசம்மாகிட்ட. நாங்க எப்ப வருவோம்னு தெரியாது. வந்தா, வந்த அன்னைக்கே அவ ஆட்டணும்லா."